இங்கதானே வச்சேன்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. 'இங்கதானே அண்ணன்' என்றால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டும். நாள் முழுக்க அவர் வாயிலிருந்து வருகிற வார்த்தை அதுதான். "இங்கதானே வச்சேன்! இப்பத்தானே கையில இருந்துச்சு! அதுக்குள்ள எங்க போயிருக்கும்?" டெஸ்டருக்குக் கால் முளைத்து வெளியே நடந்துவிட்ட மாதிரி வாசல் வரை போய் எட்டிப் பார்ப்பார். பாதி நாள் அந்த டெஸ்டர் அவர் காதிடுக்கிலேயே செருகியிருக்கும்.

மனிதர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாமும் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். வேலையில் கெட்டிக்காரர். மிக்ஸி, மின்விசிறி, தண்ணீர் பம்ப், இஸ்திரிப் பெட்டி, குழாய் வால்வு என்று எதைக் கொண்டுபோனாலும் முடியாது என்று சொன்னதில்லை. ஆனால் வேலை எந்த இடத்தில் முடிகிறதோ அந்த இடத்திலேயே கை கருவியை விட்டுவிடும். அதற்குள் மனசு அடுத்த மிக்ஸிக்குள் புகுந்திருக்கும்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. உள்ளே போகிறவர்கள் பக்கவாட்டில் நடந்துதான் போக வேண்டும். ஒரு பக்கம் வயிறு பிளந்த பம்புகள், இன்னொரு பக்கம் இறக்கை இல்லாத விசிறிகள், நடுவில் பழைய பேப்பர் கட்டுகள். சுவர் முழுக்கத் தகர டப்பாக்கள். பவுடர் டப்பாவில் வாஷர் இருக்கும், பால் டப்பாவில் கார்பன் பிரஷ் இருக்கும், இருமல் மருந்து பாட்டிலில் மெஷின் எண்ணெய் இருக்கும். சால்டரிங் பேஸ்ட் ஒரு மாதம் காணாமல் போய், கடைசியில் ஃபிரிட்ஜில் கிடைத்தது. எந்த அளவுக்கும் வாயைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிற அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் மட்டும் மூன்று வாங்கியிருக்கிறார். புதிது வாங்கி வந்த அன்று பழையது வந்து இளிக்கும். மறுவாரம் இரண்டும் சேர்ந்து ஓடிவிடும்.

இப்படிப்பட்ட மனிதர் எப்படி இத்தனை வருஷம் தொழில் செய்தார் என்றால், வீட்டில் அவர் மனைவி இருந்தாள்.

அவள் அடுப்படியில் நின்றபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்பாள். "என்னங்க தேடறீங்க?"

"நோஸ் பிளையர். இங்கதானே வச்சேன்."

"பேப்பர் கட்டுக்குக் கீழ பாருங்க. நேத்து அந்த அயர்ன் பாக்ஸைப் பிரிச்சீங்கள்ல, அப்ப வச்சீங்க."

இருக்கும். எப்போதும் இருக்கும். அவள் பட்டறைக்குள் வந்து எதையும் பார்த்துவைப்பதில்லை. எல்லாம் காதுதான். எந்த டப்பா எந்தச் சத்தம் போடும், எந்த இரும்பு எந்தத் தகரத்தின் மேல் விழுந்தால் எப்படிக் கேட்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. டப்பாக்கள் மேல் பெயர் எழுதி ஒட்டக் கூடாதா என்று யாராவது கேட்டால் அவர் பெருமையாகச் சிரிப்பார். "எதுக்கு? அதான் உள்ள ஒரு ஆளு இருக்கே." அந்த ஆளுக்கு ஒரு நாளாவது நன்றி சொன்னாரா என்றால் இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, அதற்கு யார் நன்றி சொல்கிறார்கள்?

பிறகு அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் படியேறும்போது, அப்புறம் பாத்திரம் துலக்கும்போது, கடைசியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே. நுரையீரல் இறுகிப்போய்விட்டது என்றார் டாக்டர். காரணம் பல இருக்கலாம், வீட்டுக்குள் புகை, தூசி ஏதாவது உண்டா என்று கேட்டார். வார்னிஷ் நெடியும் சால்டரிங் புகையும் கிரைண்டர் தூசியும் முன்னறையிலிருந்து உள்ளறைக்குப் போகக் கதவுகூடத் தட்ட வேண்டியதில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள்தான் பதில் சொன்னாள். "அடுப்படியில கொஞ்சம் புகை வரும் டாக்டர்."

உள்ளறையில் கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் வந்து உட்கார்ந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து ஒரு மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். கரண்ட் போனால் நின்றுவிடும். அந்த நேரத்துக்கென்று மூலையில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர். அதன் தலையில் சதுரமாக ஒரு சின்னப் பித்தளைத் தண்டு, அதைத் திருப்ப ஒரு சாவி. டாக்டர் இரண்டு பேரையும் எதிரில் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார்: "காத்து குறைஞ்சா முதல்ல அடி வாங்கறது மூளைதான். ஆளு பிழைச்சுக்கலாம். ஆனா பழைய ஆளா திரும்பி வருவாங்கன்னு சொல்ல முடியாது. அந்தச் சாவி எப்பவும் சிலிண்டர்லயே இருக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, ஒரு பழைய சிவப்பு நாடாவை எடுத்து அந்தச் சாவியைச் சிலிண்டரின் கழுத்தில் கட்டியது. முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டாள். ஒவ்வொரு முடிச்சுக்கும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"இந்த வீட்டுல எதை வேணா தொலைச்சுக்குங்க. இதை மட்டும் தொட்டுடாதீங்க."

"நான் எதுக்கு அதைத் தொடப்போறேன்?" அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "உன் உசுரு விஷயத்துல விளையாடுவேனா?"

மனசாரத்தான் சொன்னார். அதில் சந்தேகம் வேண்டாம்.

தெருமுனையில் ஒரு சலவைக்கடை. ஒரு நாள் அந்தக் கடைக்காரர் பாய்லரிலிருந்து கழற்றிய வால்வு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். ஆவி கசிகிறது, கைப்பிடியும் உடைந்துவிட்டது. இவர் உள்ளே பிரித்துத் தேய்த்து, புது வாஷர் போட்டு, கசிவை நிறுத்திவிட்டார். சரியாகத் திறந்து மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குத் தண்டைத் திருப்ப வேண்டும். கைப்பிடி இல்லாத மொட்டைத் தண்டு. அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் வேண்டும். மூன்றில் ஒன்றையும் காணோம்.

உள்ளறை வாசலில் போய் நின்றார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். முதல் நாள் பூராவும் இருமி இருமி ஓய்ந்து, அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். எழுப்ப மனசு வரவில்லை. அந்த இரக்கம்தான் எமனாக வந்து நின்றது. எழுப்பியிருந்தால், "விசிறி மோட்டாருக்குப் பின்னாடி" என்று கண்ணைத் திறக்காமலே சொல்லியிருப்பாள்.

திரும்பப் போனவரின் கண்ணில் சிவப்பு நாடா பட்டது. அந்தத் தண்டும் சதுரம், இந்தத் தண்டும் சதுரம். அளவும் அதேதான், பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு நிமிஷ வேலை. முடிச்சுகளை நகத்தாலும் பல்லாலும் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அவிழ்க்கும்போதே, இதைத் திரும்ப இதே மாதிரி கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். நாடாவைச் சட்டைப்பையில் போட்டார்.

சாவி வால்வுக்குச் செய்துவைத்த மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. திறந்தார், மூடினார். வேலை சுத்தம். அதற்குள் எதிர்வீட்டு டெய்லரம்மா மிக்ஸியோடு வந்துவிட்டாள். ஜாரின் அடியில் நட்டு சுற்றுகிறது. அதைப் பிரித்து, ஸ்க்ரூக்களைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டிருந்தபோது சலவைக்கடைக்காரர் வந்தார்.

"அண்ணே, ஆச்சா? துணி மலை மாதிரி குமிஞ்சு கிடக்கு."

மேஜை மேல் இருந்த வால்வைக் கண்ணால் காட்டினார்.

"அட, கைப்பிடியும் போட்டுட்டீங்களா?"

"ம்."

வாயில் ஸ்க்ரூ. கேள்வி காதுக்குப் போனதே தவிர மண்டைக்குப் போகவில்லை. கடைக்காரர் வால்வைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார். உள்ளறையில் கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. அவள் புரண்டு படுத்திருப்பாள் என்று நினைத்தார். மிக்ஸியை முடித்தார். டெய்லரம்மா போன பிறகு ஒரு பம்ப் வந்தது.

மறுநாள் மத்தியானம் கரண்ட் போயிற்று.

விசிறி நின்றது. உள்ளறையில் மெஷின் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. அவர் பதறவில்லை. கரண்ட் போவது புதிதா? எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு சிலிண்டரிடம் போனார். கை பழக்கத்தில் கழுத்தைத் தடவியது. நாடா இல்லை. சாவி இல்லை.

சட்டைப்பையில் கையைவிட்டார். அது வேறு சட்டை.

"இங்கதானே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவள் கட்டிலிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்னறைக்கு ஓடினார். மேஜையில் இருந்ததை எல்லாம் ஒரே வீச்சில் கீழே தள்ளினார். டப்பாக்களைக் கவிழ்த்தார். வாஷர், நட்டு, ஸ்பிரிங், கார்பன் பிரஷ் எல்லாம் தரையெங்கும் உருண்டன. நேற்று உட்கார்ந்த இடம், பேப்பர் கட்டுக்குக் கீழே, விசிறி மோட்டாருக்குப் பின்னால். அங்கே அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் ஒன்று தலைகாட்டாதா என்றால் அதுவும் இல்லை, வேறு மோட்டாருக்குப் பின்னால் பார்த்திருப்பார். சல்லடை போட்டுச் சலிக்கிற மாதிரி அந்த அறையைச் சலித்தார். அவருக்கே தெரியாது, அந்த அறையில் இல்லாத ஒன்றைத்தான் அந்த அறையில் தேடிக்கொண்டிருந்தார்.

"சல..." என்றாள் அவள் உள்ளேயிருந்து.

ஓடிப்போய்ப் பார்த்தார். உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் தூக்கிப்போட்டது.

"பேசாத. பேசினா இருக்கிற மூச்சும் போயிடும். இதோ எடுத்துடறேன்."

"சல..."

"பேசாதன்னு சொல்றேன்ல!"

கத்திவிட்டார். ஆயுசில் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. அவள் வாயை மூடிக்கொண்டாள். கையைத் தூக்கித் தெருப்பக்கம் காட்டினாள். காற்று வேண்டும் என்கிறாள் என்று நினைத்து, ஓடிப்போய் வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு மறுபடி டப்பாக்களிடம் போனார்.

அப்போது கையில் ஒரு கட்டிங் பிளையர் அகப்பட்டது. சதுரத் தண்டில் பிளையரைப் போடுகிறவன் மெக்கானிக்கே இல்லை என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர் அவர். மூலை மழுங்கிவிடும், அப்புறம் சரியான சாவி வந்தாலும் பிடிக்காது. தெரிந்தே போட்டார். வழுக்கியது. இறுக்கிப் பிடித்துத் திருப்பினார். பித்தளை சீவிக்கொண்டு வந்தது. மறுபடி திருப்பினார். தண்டு உருண்டையாகிவிட்டது. இனி அந்தச் சாவியே கிடைத்தாலும் பிரயோஜனம் இல்லை என்று அவர் கைக்குத் தெரிந்தது, ஆனாலும் கை நிற்கவில்லை.

ஃபோனை எடுத்து ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டிருக்கலாமே என்று இப்போது யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்டார்கள். அவருக்குத் தோன்றவில்லை. எது நின்றாலும் தானே ஓடவைத்துப் பழகிய மனிதர்.

திறந்த கதவு வழியாக இரைச்சலைக் கேட்டு எட்டிப் பார்த்தது டெய்லரம்மாதான். தரையெங்கும் சிதறிக் கிடந்த இரும்பை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்னண்ணே பண்றீங்க? அக்கா முகத்தைப் பாருங்க முதல்ல!"

அவள் தெருவில் இறங்கிக் கத்தி ஒரு வண்டியை நிறுத்தினாள். அவரும் அவளுமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். மனைவியின் தலை அவர் தோளில் தொங்கியது. வண்டி தெருமுனை திரும்பும்போது சலவைக்கடையிலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. அவர் அந்தப் பக்கம் பார்த்தார், ஒன்றும் தோன்றவில்லை.

அவள் பிழைத்துக்கொண்டாள். டாக்டர் சொன்னது போலவேதான் பிழைத்தாள். கண் விழித்ததும், வெளியூரிலிருந்து ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்றாள். மகள் வெளியே போய்ச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு வாரத்தில் மகளைத் தெரிந்தது. அவரைச் சில நேரம் தெரிந்தது, சில நேரம் தெரியவில்லை. சாப்பிட்டதும் சாப்பிடவில்லை என்றாள்.

துணி மாற்ற அவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது, சலவைக்கடைக்காரர் வாசலில் காத்திருந்தார்.

"அக்காவுக்கு எப்படிண்ணே இருக்கு? கேள்விப்பட்டதும் ஆடிப்போயிட்டேன்." பையில் கையைவிட்டு எதையோ எடுத்தார். "இந்தக் கைப்பிடி பிரமாதம்ணே. ஆனா எனக்கு வேற ஒண்ணு கிடைச்சிடுச்சு. இதுல ஆஸ்பத்திரிப் பேரெல்லாம் அடிச்சிருக்கு, உங்களுக்குத் தேவைப்படுமேன்னு கொண்டுவந்தேன்."

சிலிண்டர் சாவி.

வாங்கிக்கொண்டார். 'சல' என்று அவள் ஆரம்பித்தது என்ன வார்த்தை என்று அப்போது விளங்கியது. தெருப்பக்கம் எதற்குக் கை காட்டினாள் என்றும் விளங்கியது. தூக்கத்திலும் அவள் காது அந்தக் 'கைப்பிடி'யைக் கேட்டு வைத்திருக்கிறது. கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறது சாவி. அவள் சொல்ல வந்தாள், இவர் பேசாதே என்றார்.

"என்னண்ணே, உக்காந்துட்டீங்க?"

"ஒண்ணும் இல்லப்பா. நல்லா இருந்துச்சா கைப்பிடி?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணே."

மகள் வீட்டுக்கு வந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள் என்று காத்திருந்தார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மா சொல்ல வந்தாங்களாப்பா?"

"ஆமாம்மா. நான்தான் பேசாதன்னு கத்தினேன்."

அவள் எழுந்துபோய்த் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முன்னறையைப் பெருக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அன்றிலிருந்து அவர் பட்டறையை ஒழுங்குபடுத்தினார். வெறி பிடித்த மாதிரி செய்தார். பேப்பர் கட்டுகளை எடைக்குப் போட்டார். டப்பாக்களைத் தூக்கி எறிந்துவிட்டு, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பாட்டில்கள் வாங்கினார். சுவரில் பலகை அடித்து, ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆணி, ஆணிக்குக் கீழே அந்தக் கருவியின் உருவத்தைக் கறுப்பு மையால் வரைந்து வைத்தார். மூன்று அட்ஜஸ்டபிள் ஸ்பேனரும் கிடைத்தன. வரிசையாகத் தொங்கின. இப்போது கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் வேண்டியது கையில் வரும். தெருவில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டு, "இங்கதானே அண்ணனா இது?" என்று மூக்கில் விரலை வைத்தார்கள். அந்த வார்த்தையை அவர் சொல்லி யாரும் கேட்கவில்லை. உள்ளறை மெஷினுக்குப் பேட்டரி வந்தது, புதுச் சிலிண்டர் வந்தது, சாவி சங்கிலியில் தொங்கியது. மெஷின் நின்றாலும் இனிப் பயமில்லை.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். கைத்தாங்கலாக முன்னறையைக் கடக்கும்போது நின்று சுற்றிலும் பார்த்தாள்.

"யாரு வீடு இது? ரொம்பச் சுத்தமா இருக்கே."

"நம்ம வீடுதான்," என்றார்.

அவள் நம்பவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடி, மூக்கில் குழாயோடு, வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். சாயங்காலமானால் இருப்புக்கொள்ளாது. குழாயைப் பிடுங்கிவிட்டு எழுந்துகொள்வாள்.

"நான் எங்க வீட்டுக்குப் போகணும். வழி விடுங்க."

"ஏன், இங்க என்ன குறை?"

"வீட்டுல அவர் தனியா இருக்காரு. எதையாவது தேடிக்கிட்டு நிப்பாரு. பாவம், ஒண்ணும் கிடைக்காது அவருக்கு."

அவரிடமேதான் சொன்னாள். அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். குழாயை மறுபடி மூக்கில் மாட்டிவிட்டு வந்து, பலகைக்கு முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். மகள் எவ்வளவோ சமாதானம் சொல்லிப் பார்த்தாள். போட்டோ எல்லாம் எடுத்துக் காட்டினாள். மறுநாளும் அதே பாடு, அதற்கு மறுநாளும் அதே பாடு. பிடுங்கிப் பிடுங்கி மூக்கு புண்ணாகிவிட்டது.

மகள் ஊருக்குப் போன பிறகு ஒரு சாயங்காலம், ஒரு விசிறியைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. எழுந்துகொள்கிறாள். நோஸ் பிளையர் அவர் கையில்தான் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே, உரக்கச் சொன்னார்.

"அட, இந்த நோஸ் பிளையரைக் காணோமே! இங்கதானே வச்சேன்?"

கட்டில் சத்தம் நின்றது.

"பேப்பர் கட்டுக்குக் கீழ பாருங்க," என்றாள் அவள். பழைய குரல், பழைய சலிப்பு. "நேத்து அயர்ன் பாக்ஸைப் பிரிச்சீங்கள்ல."

பேப்பர் கட்டு இருந்த இடத்தில் வெறும் தரை இருந்தது. அவர் எழுந்துபோய் அங்கே குனிந்தார். பக்கத்தில் கிடந்த ஒரு அட்டையை எடுத்துச் சரசரவென்று சத்தம் வரும்படி அசைத்தார்.

"கிடைச்சிடுச்சு."

"கிடைக்காம எங்க போகும்?" என்றாள். கட்டில் மறுபடி கிரீச்சிட்டது. படுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்கவில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் அவர் எதையாவது தொலைக்கிறார். ஒரு நாள் ஸ்பேனர், ஒரு நாள் டெஸ்டர். அவள் சொல்கிற இடத்தில் எதுவும் இருப்பதில்லை, பல நாள் அந்த இடமே இருப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் போய்க் குனிகிறார், சத்தம் போடுகிறார், கிடைத்துவிட்டது என்கிறார். பிறகு கையில் இருப்பதைப் பலகையில் அதன் ஆணியில் மாட்டிவிட்டு, அடுத்த வேலையை எடுக்கிறார்.